திரும்ப ஊறுமா, தீர்ந்து போகுமா? இயற்கை வளங்கள் பற்றி டெல்டாவில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் மாலை நேரத்தில் புவியியல் சொல்லித் தருகிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளும் வருவார்கள், டிஎன்பிஎஸ்சி எழுதுகிறவர்களும் வருவார்கள். இயற்கை வளங்கள் பாடத்தை எடுத்தால் ஒரு நாளில் முடிய வேண்டியது ஒரு வாரம் போகும். பிள்ளைகள் கேட்பது போதாதென்று, அவர்களைக் கூட்டிப்போக வரும் அப்பாக்களும் தாத்தாக்களும் திண்ணையில் உட்கார்ந்து கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். வருஷா வருஷம் அதே சந்தேகங்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, நான் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

புதுப்பிக்கத்தக்க வளம், புதுப்பிக்க இயலாத வளம்னு ரெண்டு இருக்கே டீச்சர், சுருக்கமா வித்தியாசம் சொல்லுங்க.

எடுத்த பிறகு நம் ஆயுளுக்குள் திரும்ப ஊறி வந்தால் அது புதுப்பிக்கத்தக்கது. ஊறி வர லட்சம், கோடி ஆண்டுகள் ஆகுமென்றால் புதுப்பிக்க இயலாதது. வெயில், காற்று, ஆற்று நீர், காடு, மீன் ஆகியவை முதல் வகை. நிலக்கரி, பெட்ரோலியம், இரும்புத் தாது, சுண்ணாம்புக்கல் ஆகியவை இரண்டாம் வகை.

இதில் ‘ஊறி’ என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். வீட்டுக் கிணற்றில் காலையில் நாலு குடம் இறைத்தால் சாயங்காலத்துக்குள் ஊறிவிடும். அதே கிணற்றில் மோட்டார் போட்டு நாள் முழுக்க இறைத்தால் கடைசியில் சேறுதான் வரும். கிணறும் ஊற்றுக்கண்ணும் அப்படியேதான் இருக்கின்றன, நாம் எடுக்கும் வேகம்தான் மாறியது. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இந்தக் கிணற்றுக்கே திரும்பி வருவேன்.

தண்ணி புதுப்பிக்கத்தக்கதுதானே? அப்புறம் எதுக்கு வருஷா வருஷம் மேட்டூர் திறப்பாங்களா மாட்டாங்களான்னு காத்துக் கிடக்கிறோம்?

மழை திரும்பத் திரும்ப வரும். ஆனால் நமக்கு வேண்டிய இடத்தில், வேண்டிய மாதத்தில் வராது. காவிரி பிறப்பது குடகு மலையில், தலைக்காவிரியில். அங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. நமக்கோ அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. குறுவைக்கு நாற்று விடும் ஜூனில் நம் தலைக்கு மேல் வெறும் வெயில். ஏறத்தாழ 800 கிலோமீட்டர் நீளமுள்ள ஆற்றின் மறுகோடியில் பெய்யும் மழையை நம்பித்தான் விதை விடுகிறோம். ஒரு வளம் எங்கே கிடைக்கிறது என்பதைப் போலவே எப்போது கிடைக்கிறது என்பதும் பரவல்தான். பாடநூலில் இதை அழுத்திச் சொல்வதில்லை என்பது என் மனக்குறை.

அந்த மாத இடைவெளியை நிரப்பத்தான் மேட்டூர் அணை. 1934-ல் கட்டி முடித்தார்கள். 120 அடி நிரம்பினால் 93.47 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது 100 கோடி கன அடி, ஏறத்தாழ 2,830 கோடி லிட்டர். ஜூன் 12-ல் திறப்பது வழக்கம். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். சராசரி மழை பெய்யும் ஆண்டில் தமிழ்நாட்டுக்கு 177.25 டிஎம்சி என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மழை குறைந்த ஆண்டில் பற்றாக்குறையையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும், சண்டை அங்கேதான் வருகிறது.

முதல் தண்ணீர் எங்கள் ஆற்றுக்கு வரும் நாளைப் பிள்ளைகளோடு போய்ப் பார்ப்பேன். சருகும் நுரையும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கும் வேகத்தில் வரும். காய்ந்த மணல் அதைக் குடிக்கும்போது குமிழ் குமிழாகக் காற்று மேலே வரும். பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்கள். கடைமடையில் இருக்கிற எங்களுக்கு இந்தத் தண்ணீர், மேட்டூரில் திறந்து பல நாள் கழித்துத்தான் வந்து சேரும்.

உலகத்துல முக்கால்வாசி தண்ணிதானே, தட்டுப்பாடுன்னு ஏன் சொல்றாங்க?

அந்தத் தண்ணீரில் 97.5 விழுக்காடு உப்பு. மீதி 2.5 விழுக்காட்டிலும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பனிப்பாறையாக உறைந்து கிடக்கிறது. பெரும்பாலும் அண்டார்டிகாவிலும் கிரீன்லாந்திலும். மிச்சத்தில் பெரும்பகுதி நிலத்தடி நீர். ஆறு, ஏரி, குளமெல்லாம் சேர்த்தால் நன்னீரில் ஒரு விழுக்காடுகூட இல்லை. அந்தத் துளியும் சமமாகப் பிரியவில்லை. அமேசான் பாயும் பிரேசிலில் கொட்டிக் கிடக்கிறது, அரேபியத் தீபகற்பத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஒரு பெரிய ஆறுகூடக் கிடையாது.

எம் பேரன் குவைத்துல இருக்கான். அந்தப் பாலைவனத்துல மட்டும் எப்படிம்மா அவ்வளவு எண்ணெய் வெச்சான் கடவுள்?

இது ஒரு பாட்டி கேட்டது. பாட்டி, அந்த இடம் எப்போதும் பாலைவனமாக இருந்ததில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே வெதுவெதுப்பான ஆழமில்லாத கடல் இருந்தது, டெத்திஸ் என்று பெயர். அதில் கண்ணுக்குத் தெரியாத சின்னஞ்சிறு உயிர்கள் கூட்டம் கூட்டமாக வாழ்ந்து செத்துச் சேற்றில் படிந்தன. மேலே மேலே மண் படிந்து, அழுத்தமும் சூடும் ஏறி எண்ணெய் ஆயிற்று. அதைப் பிடித்து வைக்கத் துளையுள்ள பாறை அடியிலும், ஒழுகாமல் மூட உப்புப் பாறை மேலேயும் அமைந்தன. இத்தனையும் ஒரே இடத்தில் கூடி வந்தது அபூர்வம். உலகின் உறுதிசெய்யப்பட்ட எண்ணெய் இருப்பில் ஏறக்குறைய பாதி மேற்கு ஆசியாவில் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் தனி நாடாகப் பார்த்தால் கணக்கில் முதலிடம் வெனிசுலாவுக்கு, சுமார் 30,000 கோடி பீப்பாய். அது குழம்பு போல் கெட்டியான எண்ணெய், எடுப்பதும் சுத்திகரிப்பதும் கடினம். இருப்பில் முதலிடம் வேறு, எடுப்பதில் முதலிடம் வேறு. இப்போது அதிகம் எடுப்பது அமெரிக்கா.

நெய்வேலியில நிலக்கரி, நரிமணத்துல எண்ணெய். எங்க வயல்ல மட்டும் ஏன் ஒண்ணுமில்ல?

இருக்கலாம். இல்லாமலிருந்தால் நிம்மதி என்று நினைக்கிறவள் நான்.

நம் டெல்டாவுக்கு அடியில் இருப்பது காவிரிப் படுகை என்ற பெரும் பள்ளம். இந்தியா, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா எல்லாம் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்து பிரிந்தபோது நிலம் விரிசல் விட்டுச் சரிந்து உண்டானது. அதில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணும் கடல் சேறும் நிரம்பின. எண்ணெயும் வாயுவும் எல்லா இடத்திலும் தேங்குவதில்லை. கவிழ்த்த கிண்ணம் போல் பாறை வளைந்திருக்கும் இடத்தில்தான் தேங்கும். நரிமணம், குத்தாலம், கோவில்களப்பால் பக்கமெல்லாம் அப்படிக் கிடைத்தவை. நெய்வேலி கதை வேறு. அங்கே சதுப்புக் காடு புதைந்து பழுப்பு நிலக்கரி ஆனது. 1930-களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரி தட்டுப்பட்டது, 1956-ல் நிறுவனம் தொடங்கியது. ஜார்க்கண்டின் ஜாரியா கரியோடு ஒப்பிட்டால் இது வயதில் மிக இளையது, ஈரம் அதிகம்.

இதெல்லாம் கதையாகத் தோன்றினால் ஒரு முறை அரியலூர் போய் வாருங்கள். வாரணவாசியில் தொல்லுயிர்ப் படிம அருங்காட்சியகம் இருக்கிறது. நத்தை போலச் சுருண்ட கடல் உயிர் கல்லாகியிருக்கும், கையகலத்திலும் உண்டு, வண்டிச் சக்கரம் போலப் பெரியதும் உண்டு. கடற்கரையிலிருந்து இவ்வளவு உள்ளே இருக்கும் அந்த ஊர் ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் இருந்தது. அரியலூர்ச் சிமெண்ட் ஆலைகள் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போனது. உங்கள் வீட்டுச் சுவரில் அது இருக்கலாம்.

நான் பள்ளிக்கூடம் படிக்கும்போதே இன்னும் முப்பது வருஷத்துல பெட்ரோல் தீந்துடும்னாங்க. இன்னும் வந்துக்கிட்டுத்தானே இருக்கு?

அந்தக் கணக்கு, கையிருப்பை ஓர் ஆண்டுச் செலவால் வகுத்து வருவது. ‘இருப்பு’ என்றால் பூமிக்குள் உள்ள மொத்தமும் என்று நினைத்துக்கொள்கிறோம். கண்டுபிடித்து, இன்றைய விலையில், இன்றைய கருவியால் எடுக்க முடிந்தது மட்டும்தான் இருப்பு. விலை ஏறினாலோ புதுக் கருவி வந்தாலோ அந்த எண்ணும் ஏறும். அமெரிக்கா களிப்பாறையைப் பிளந்து எண்ணெய் எடுக்கக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான் கணக்கே மாறியது.

குதிரில் இருக்கும் நெல் கையெட்டும் வரை சுலபமாக வரும், அடியில் போனால் ஆள் இறங்கித்தான் அள்ள வேண்டும். எண்ணெயும் அப்படித்தான், ஆழம் குறைந்த இடத்தை முதலில் எடுத்துவிட்டோம். இருப்புக் கணக்கு ஏறலாம், பூமிக்குள் எண்ணெய் ஏறவில்லை.

எங்க போர்ல தண்ணி உப்பா வருது. நிலத்தடி நீர் எந்த வகையில சேரும்?

பாடநூலில் புதுப்பிக்கத்தக்கது. நடப்பில், முதல் பதிலில் சொன்ன கிணறு. மேல் மட்டத்து நீர் ஒரு மழைக்காலத்தில் ஊறும். பல நூறு அடி ஆழத்தில் இருக்கும் நீர் ஊற நூற்றாண்டுகளும் ஆகலாம்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல். மண்ணுக்கடியில் நன்னீரும் கடல்நீரும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்கின்றன. நாம் நன்னீரை இறைத்துவிட்டால் கடல் உள்ளே வரும். எங்கள் வீட்டிலேயே நடந்தது. முதலில் பருப்பு வேகவில்லை. அப்புறம் சோப்பு நுரைக்கவில்லை. அடுத்த கோடையில் தென்னங்கீற்றின் நுனி கருகியது. நாக்குக்கு உப்பு தெரிந்தது கடைசியில்தான். ஆற்றில் ஆண்டுதோறும் போதிய தண்ணீர் ஓடினால் அந்த நன்னீர் கடலைத் தள்ளி நிறுத்தும். ஆகவே ‘கடலில் வீணாகக் கலக்கும் காவிரி நீர்’ என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். அதில் ஒரு பங்கு வீண் இல்லை.

ஆத்து மணல் வெள்ளம் வந்தா திரும்ப வந்துடும், அள்ளினா என்ன?

மேட்டூர் கட்டுவதற்கு முன்பு கேட்டிருந்தால் பாதி சரி என்றிருப்பேன். மணல் மேலே மலையில் பாறை உடைந்து உருண்டு வருவது. அணைகள் தண்ணீரைத் திறந்துவிடும், மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வரத்து குறைந்த நேரத்தில்தான் லாரிகள் பெருகின. மணல் படுகை பஞ்சு போல் நீரைப் பிடித்துக் கரையோரக் கிணறுகளுக்குக் கொடுக்கும். கொள்ளிடத்தில் அதைச் சுரண்டினால் பாலத்தின் காலும் வெளியே தெரியும், கிணறும் இறங்கும். எம்-சாண்ட்? அது கருங்கல்லை உடைத்த தூள். குன்று திரும்ப முளைக்காது.

வண்டலுக்கும் இதே கதை. இந்த டெல்டாவே காவிரி கொண்டு வந்து கொட்டிய வண்டல். ஓர் அங்குல மேல்மண் தானாக உருவாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் ஆகும். செங்கல் சூளைக்கு வயல் மண்ணை விற்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நெல்லு விதைச்சா வருது, அறுத்தா மறுபடி விதைக்கிறோம். இதைவிடப் புதுப்பிக்கத்தக்கது என்ன இருக்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஒரு டிஏபி உர மூட்டையை எடுத்துக்கொள்வோம். 50 கிலோ. மூட்டையில் 18, 46 என்று இரண்டு எண் இருக்கும். 18 விழுக்காடு தழைச்சத்து (நைட்ரஜன்), 46 விழுக்காடு மணிச்சத்து (பாஸ்பேட்). மணிச்சத்து வருவது பாஸ்பேட் பாறையிலிருந்து. அதுவும் பழைய கடல் விட்டுப்போன படிவம். உலக இருப்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மொராக்கோவிலும் அதன் பிடியில் உள்ள மேற்கு சஹாராவிலும் இருக்கிறது. நமக்கு ராஜஸ்தானில் கொஞ்சம் உண்டு, தேவைக்குப் போதாது. பொட்டாஷுக்கு ஏறக்குறைய முழுக்க முழுக்க வெளிநாடுதான். கனடா, ரஷ்யா, பெலாரஸ்.

யூரியா? காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருக்கிறது, தீராது. அதைப் பயிர் சாப்பிடும் வடிவத்துக்கு மாற்ற ஹைட்ரஜன் வேண்டும். அது நம் நாட்டில் பெரும்பாலும் இயற்கை வாயுவிலிருந்து எடுக்கப்படுகிறது, அந்த வாயுவில் பெரும்பங்கு கத்தார் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. எங்கோ போர் மூண்டால் நம் கூட்டுறவு சங்கத்தில் உர வரிசை நீள்வது அதனால்தான். டீசல் டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று மா (ஏறக்குறைய ஓர் ஏக்கர்) நிலத்தில் விளையும் நெல்லில் வெயிலும் மழையும் பாதி, புதுப்பிக்க இயலாதவை பாதி என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதைக் குறைக்க வழி நம்மிடமே இருந்தது. சம்பா அறுப்புக்கு முன் ஈரத்திலேயே உளுந்து தெளிப்போமே, அந்தச் செடி ஒன்றை மண்ணோடு பெயர்த்து வேரைப் பாருங்கள். சிறு சிறு முடிச்சு இருக்கும். நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அந்த முடிச்சுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைக் காசில்லாமல் பிடித்துத் தருகின்றன. தக்கைப்பூண்டும் கொளுஞ்சியும் அதையே செய்கின்றன. மணிச்சத்துக்கு அப்படி ஒரு வழி இல்லை, காற்றில் அது கிடையாது. வைக்கோல், சாணம், எலும்பு என்று எடுத்ததைத் திருப்பிப் போட்டால்தான் உண்டு.

உப்பு எந்த வகை டீச்சர்? நோட்ஸ்ல கனிமம்னு போட்டிருக்கு.

இரண்டு உப்பும் உண்டு. வேதாரண்யம் உப்பு கடல் நீரைப் பாத்தியில் விட்டு வெயிலில் காய்ச்சுவது. கடலும் வெயிலும் இருக்கும்வரை வரும். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து அள்ளியதும் இதைத்தான். இந்துப்பு பாகிஸ்தானின் கேவ்ரா போன்ற சுரங்கத்தில் வெட்டிய பாறை, வெட்ட வெட்டக் குறையும். நோட்ஸ் தப்பில்லை, ஆனால் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு வகை சொல்லுங்கள்.

மீத்தேன் வேணாம்னு போராடினோம். சாண எரிவாயுவும் மீத்தேன்தான்னு பையன் சொல்றான். அப்ப எது சரி?

பையன் சொல்வது சரி, நீங்கள் போராடியதும் சரி. இரண்டிலும் எரிவது மீத்தேன்தான். சாணத்தைத் தண்ணீரில் கரைத்துக் காற்றுப் புகாமல் மூடினால் நுண்ணுயிர்கள் சில வாரத்தில் தருவது ஒன்று. மாடு நாளையும் சாணம் போடும். மன்னார்குடிக்கு அடியில் ஆழத்திலுள்ள பழுப்பு நிலக்கரியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகச் சிக்கியிருப்பது இன்னொன்று. பொருள் ஒன்றாக இருந்தும் ஊறும் வேகத்தால் வகை மாறுகிறது.

நிலக்கரி மீத்தேனை எடுக்க முதலில் அந்தக் கரிப்படுகையின் நீரை வெளியே இறைக்க வேண்டும். கடலோரத்தில் நீரை இறைத்தால் என்ன ஆகும் என்று போர்த் தண்ணீர் பதிலில் பார்த்தோம். அதுதான் நம் பயம். இந்த மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் போன இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா, 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டை அருகே அத்திவெட்டியில் காலமானார். 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களுக்கு அது தடை போடுகிறது. ஏற்கெனவே இயங்குகிற கிணறுகள் தொடர்கின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

வெயிலும் காத்தும் தீராதே, எல்லாத்தையும் அதுக்கு மாத்திட்டா கவலை விட்டுது இல்ல?

மாற வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் அவற்றுக்கும் பரவல் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று பீறிட்டு வருவதால். ராமநாதபுரம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைக்கப் பரந்த வறண்ட நிலம் கிடைத்தது. நஞ்சையில் பலகை பரப்புவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன், கூரைகளும் கொட்டகைகளும் முதலில் நிறையட்டும்.

வெயில் தீராது, அதைப் பிடிக்கும் கருவி தீரும் பொருளால் ஆனது. செம்பு அதிகம் வருவது சிலியிலிருந்து. பேட்டரி லித்தியம் ஆஸ்திரேலியா, சிலியிலிருந்து. கோபால்ட் பெரும்பாலும் காங்கோவிலிருந்து. காற்றாலைக் காந்தத்துக்கான அருமண் தனிமங்களில் சீனா கை ஓங்கியிருக்கிறது. பெட்ரோலைப் போல் எரித்துத் தீர்ப்பதில்லை, உருக்கி மறுபடி பயன்படுத்தலாம் என்பது பெரிய ஆறுதல். அப்புறம் சூரிய மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வெயில் இலவசம் என்று நாள் முழுக்க ஓடவிட்டால் இறைபடுவது அதே பழைய கிணறு.

மீன்பிடித் தடைக்காலம் எதுக்கு? கடல்ல மீனா தீந்துடப் போகுது?

தீரும். முட்டையிடும் காலத்தில் தாய் மீனை அள்ளினால் அடுத்த ஆண்டு வலையில் குஞ்சு இருக்காது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. நான் பாடத்தில் சொல்லும் ‘ஊற விடுதல்’ சட்டமாக இருப்பது இதில்தான்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். இறாலும் மீனும் குஞ்சாக வளர்வது அந்த வேர்களுக்கு நடுவே. பாமணியாறும் கோரையாறும் கொண்டுவரும் நன்னீர் குறைந்தால் சேற்றில் உப்பு ஏறி மரம் குட்டையாகும். மரம் போனால் மீனும் போகும். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தக் காட்டைக் கருக்கியது, மெல்ல மெல்லத் தழைத்து வருகிறது.

பரீட்சையில நிலத்தடி நீர், மண், காடு இதையெல்லாம் எந்தப் பக்கம் எழுதணும்? நீங்க சொன்னதெல்லாம் கேட்டா குழப்பமா இருக்கு.

ஒரு மதிப்பெண் கேள்வியென்றால் பாடநூல் சொல்வதை எழுது. நீர், மண், காடு மூன்றும் புதுப்பிக்கத்தக்கவை. இங்கே வாதாடி மதிப்பெண்ணை விட்டுவிடாதே. ஐந்து மதிப்பெண் கேள்வியென்றால் அதோடு, ‘ஊறும் வேகத்தைவிட வேகமாக எடுத்தால் இவையும் தீரும்’ என்று ஒரு வரி சேர்த்து, உங்கள் ஊர்ப் போர்த் தண்ணீரை எடுத்துக்காட்டாக எழுது. எத்தனை அடியில் முன்பு கிடைத்தது, இப்போது எத்தனை அடியில் கிடைக்கிறது என்று வீட்டில் தாத்தாவைக் கேட்டு, இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டு வா.